மரகதம் அடம் பிடிக்கவில்லை

மரகதம் சாப்பிடுவதை நிறுத்தியபோது முதல் ஒரு வாரம் நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. அடம் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பச்சோந்தி வளர்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது இது: ஒரே பூச்சியைத் தொடர்ந்து போட்டால் ஒருநாள் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வேறு எதையாவது காட்டினால்தான் வாயைத் திறக்கும். அது உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். அவள் குட்டியாக இருந்தபோது வெறும் சுவர்க்கோழியாகப் போட்டுக்கொண்டிருந்த சமயத்தில் ஒருமுறை இரண்டு நாள் பட்டினி கிடந்தாள், மூன்றாம் நாள் ஒரு பட்டுப்புழுவைக் காட்டியதும் பாய்ந்து பிடித்தாள். அதனால் இந்த முறையும் அதே கணக்குத்தான் போட்டேன்.

மரகதம் ஏமன் பச்சோந்தி. தலையில் கொண்டை மாதிரி ஒரு முகடு நிற்கும், ஏமனும் சவுதி அரேபியாவும்தான் பூர்வீகம். அப்போது அவளுக்கு 14 மாதம். சுவர்க்கோழி வேண்டாமா, சரி, டூபியா கரப்பான். அதுவும் வேண்டாமா, பட்டுப்புழு. அப்புறம் சூப்பர்வார்ம், அப்புறம் பச்சைப் பசேலென்று சதைப்பற்றாக இருக்கும் ஹார்ன்வார்ம், கடைசியில் கொழுப்பு நிறைந்த வேக்ஸ்வார்ம். வேக்ஸ்வார்மை மட்டும் தினமும் கொடுப்பது குழந்தைக்குச் சோற்றுக்குப் பதில் மிட்டாய் கொடுக்கிற மாதிரி என்று தெரியும். ஆனாலும் ஏதாவது உள்ளே போனால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டிருந்தேன். எதையும் தொடவில்லை. என் கவனம் முழுக்கப் பூச்சியின் மேலேயே இருந்தது. என்ன பூச்சி, எந்த நிறம், எந்த அளவு, எப்படி அசைகிறது. அவளைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இதைத்தான் நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். உண்மையிலேயே வேண்டாம் என்று நினைக்கும் பச்சோந்தி பூச்சியை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு அந்தக் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிடும், இல்லாவிட்டால் கிளைக்குப் பின்னால் போய்விடும். மரகதம் அப்படிச் செய்யவில்லை. இரண்டு கண்ணையும் முன்னால் கொண்டுவந்து பூச்சியின் மேல் நிறுத்துவாள். அது குறி பார்ப்பது. உடம்பை மெதுவாக முன்னால் சாய்ப்பாள். வாய் லேசாகத் திறக்கும். உள்ளிருந்து நாக்கின் நுனி எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான், வாயை மூடிக்கொள்வாள். மறுபடி குறி பார்ப்பாள், மறுபடி மூடிக்கொள்வாள். மூன்று நான்கு தடவைக்குப் பிறகு கண்ணைச் சுழற்றி வேறெங்கோ பார்ப்பாள். அந்தக் கடைசி நொடியை மட்டும் பார்த்துவிட்டு "வேண்டாமாம்" என்று பூச்சியை எடுத்துவிடுவேன்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ கைப்பேசியில் ஸ்லோமோஷனில் ஒரு வீடியோ எடுத்தேன். அதில்தான் தெரிந்தது. நாக்கு கிளம்பியது, ஆனால் பாயவில்லை. விரல் நீளம் கூட வராமல் துவண்டு உள்ளே போனது. அந்த வீடியோவை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

அந்த நாக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பச்சோந்தியின் சாப்பாடு முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது. வாய்க்குள்ளே கூரான ஓர் எலும்பு இருக்கிறது, நாக்கு அதன்மேல் உறை மாதிரி செருகியிருக்கிறது. சுற்றியுள்ள தசை இறுகும்போது உள்ளேயிருக்கும் மீள்தன்மையுள்ள திசுக்கள் வில்லில் நாணை இழுத்த மாதிரி விறைத்து நிற்கும். பிறகு மொத்தமும் ஒரே நொடியில் விடுபடும். உடல் நீளத்தை விட அதிக தூரத்துக்கு அந்த நாக்கு போய்வரும். நுனியில் இருக்கும் பசை மனித எச்சிலை விட சுமார் 400 மடங்கு கெட்டியானது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. வில் மாதிரி வேலை செய்வதால் குளிர் கூட இதை அதிகம் பாதிப்பதில்லை. 2010இல் ஏமன் பச்சோந்திகளை வைத்தே செய்த ஆய்வில், உடம்பு 15 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தபோதும் நாக்கு கிட்டத்தட்ட அதே வேகத்தில் பாய்ந்தது, திரும்ப உள்ளே இழுப்பதில்தான் வேகம் நன்றாகக் குறைந்தது. அதைப் படித்தபோது, "குளிர் நாட்கள், அதனால் மந்தமாக இருக்கிறாள்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த சமாதானமும் போய்விட்டது. இது குளிரால் வந்ததில்லை.

மருத்துவரிடம் போவதற்கு முந்தைய நாள் நான் ஒரு காரியம் செய்தேன். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் வேறு யாரும் செய்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். வாயைத் திறந்து ஊட்டிவிடலாம் என்று முடிவு செய்து, அவளைக் கையில் பிடித்து, மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றைத் தாடைகளுக்கு நடுவே நுழைக்கப் பார்த்தேன். சீறினாள். உடம்பெல்லாம் கறுத்துப்போனது. கழுத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பயந்து விட்டுவிட்டேன். மறுநாள் எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் கீழ்த்தாடை உடைந்திருக்கும் என்றார். எலும்பு அவ்வளவு மெலிந்திருந்தது. ஊட்டப்போன என் கையே அவள் தாடையை உடைத்திருக்கும் என்பது இன்றைக்கும் மனசை விட்டுப் போகவில்லை.

ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் அவர். (அப்படி ஒருவரை, பிராணி நன்றாக இருக்கும்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.) எடை போட்டார். 92 கிராம் இருந்தவள் 79 கிராமுக்கு வந்திருந்தாள். என்ன பூச்சி போடுகிறேன் என்பது அவருடைய முதல் கேள்வியாக இல்லை. எச்சம் எப்படி இருக்கிறது, அதிலுள்ள வெள்ளைப் பகுதி வெள்ளையாக இருக்கிறதா இல்லை மஞ்சளாகவா, எத்தனை மணி நேரம் விளக்கு எரிகிறது, என்ன விளக்கு, வாங்கி எத்தனை மாதம், விளக்குக்கும் கிளைக்கும் நடுவே என்ன இருக்கிறது என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்குத்தான் நான் தடுமாறினேன்.

நடுவே ஓர் அக்ரிலிக் தகடு இருந்தது. காற்று வறண்டுபோன சமயத்தில், கூண்டுக்குள் ஈரப்பதம் நிற்கட்டும் என்று மேல்வலையின் மீது நான்தான் வைத்தேன். நான்கு மாதமாக அது அங்கேயே இருந்தது. கண்ணாடி மாதிரித் தெளிவான தகடு, வெளிச்சம் பளிச்சென்று உள்ளே விழும். ஆனால் அந்த விளக்கு இருப்பதே யுவி-பி என்ற, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிருக்காக. சாதாரணக் கண்ணாடியும் இந்த மாதிரித் தகடுகளும் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கம்பி வலையே ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறது, அதற்கு மேல் தகடு வேறு. கூடவே விளக்கும் பழசு. அந்த விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும், நம் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது, ஆனால் மாதம் ஆக ஆக யுவி-பி குறைந்துகொண்டே போகும். வகையைப் பொறுத்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும். என்னுடையது 11 மாதத்தைத் தாண்டியிருந்தது.

நான் கால்சியம் தூவாமல் இல்லை. ஒவ்வொரு வேளையும் பூச்சியை வெள்ளைப் பொடியில் புரட்டித்தான் கொடுத்தேன். டி3 கலக்காத கால்சியம். விளக்கு சரியாக இருந்தால் அதுதான் சரியான பழக்கமும்கூட. ஆனால் சாப்பிட்ட கால்சியத்தைக் குடல் உறிஞ்ச விட்டமின் டி3 வேண்டும், அந்த டி3ஐத் தோல் தயாரிக்க 290இலிருந்து 315 நானோமீட்டர் வரையிலான கதிர் அதன்மேல் பட வேண்டும். கதிர் இல்லை, அதனால் டி3 இல்லை, அதனால் கால்சியம் உள்ளே போனபடியே வெளியே வந்தது. ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு எலும்பிலிருந்து கடன் வாங்கும். எலும்பு மெலியும், கால் வளையும், தாடை ரப்பர் மாதிரி ஆகும், தசைகள் இறுக வலுவிருக்காது. நாக்கும் தசைதான், அதைத் தாங்குவதும் எலும்புதான். வளர்ப்பு ஊர்வனவற்றில் இது அடிக்கடி வரும் எலும்பு நோய்.

"சாப்பிட மனசு இருக்குங்க, முடியலை," என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து தகட்டை எடுத்து வைத்துவிட்டு நெடுநேரம் கூண்டின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு விஷயம் அப்போதுதான் புரிந்தது. கடைசி இரண்டு மாதமாக அவள் பகல் முழுவதும் உச்சிக் கிளையிலேயே, விளக்குக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டு கிடப்பாள். சூடு பிடித்திருக்கிறது போல என்று நினைத்திருந்தேன். மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்திகளை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2009இல் வந்தது. உணவில் டி3 குறைவாகக் கிடைத்த பச்சோந்திகள் தாமாகவே யுவி கதிர் படும் இடத்தை அதிகம் தேடிப் போயின, போதுமான டி3 கிடைத்தவை குறைத்துக்கொண்டன. மரகதமும் ஒருவேளை அதைத்தான் தேடியிருக்கலாம். எட்ட முடிந்த மட்டும் ஏறி, தகடு தடுத்துக்கொண்டிருக்கும் வெளிச்சத்துக்குக் கீழே நாள் முழுக்கக் காத்திருந்திருக்கிறாள்.

சிகிச்சை என்று பார்த்தால் முதல் இரண்டு நாள் உணவே கிடையாது, தண்ணீர்தான். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சாப்பாட்டைத் திணித்தால் அது செரிக்காமல் உள்ளேயே கிடக்கும், சிறுநீரகத்துக்கும் சுமை. அவள் எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறத்துக்குப் போயிருந்தது, கண் லேசாகக் குழிந்திருந்தது. இரண்டுமே நீர் குறைந்ததற்கான அடையாளம். பச்சோந்திகள் பொதுவாகக் கிண்ணத்தில் தேங்கிய நீரைத் தண்ணீர் என்றே கண்டுகொள்வதில்லை. இலையில் உருண்டு மினுங்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். அதுவும் தெளித்த உடனே குடிக்காது. ஐந்து நிமிடமாவது தெளித்துக்கொண்டே இருந்தால்தான் யோசித்து யோசித்து ஆரம்பிக்கும். நான் அதுவரை அரை நிமிடம் தெளித்துவிட்டு, இலை நனைந்துவிட்டது, வேலை முடிந்தது என்று போய்க்கொண்டிருந்தேன். இப்போது காலையிலும் மாலையிலும் நிதானமாகத் தெளிக்கிறேன், பகலில் இலைமேல் சொட்டுச் சொட்டாக விழ ஒரு சொட்டுக்குழாயும் வைத்திருக்கிறேன். இடையில் இலைகள் காய்ந்தாக வேண்டும். எப்போதும் சொதசொதவென்று காற்றோட்டமில்லாமல் இருந்தால் நுரையீரலில் தொற்று வரும்.

அதற்குப் பிறகு சூடு. உடம்புச் சூட்டை வெளியிலிருந்து வாங்கும் பிராணி இது, சூடு இல்லாமல் செரிமானம் இல்லை. ஏமன் பச்சோந்தியில் பெண்ணுக்கு வெயில் காயும் கிளையில் 27, 28 டிகிரி செல்சியஸ் போதும், ஆணுக்கு 30ஐத் தொடலாம். கூண்டு முழுவதும் ஒரே சூடாக இருக்கக் கூடாது, கீழே இறங்கினால் குளிர்ச்சி கிடைக்க வேண்டும், இரவில் நன்றாகவே குறையலாம். புதுக் குழல்விளக்கு வந்தது, தகடு போய்விட்டது. மருத்துவர் எடைக்குக் கணக்கிட்டுக் கொடுத்த கால்சியம் மருந்தை, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து உதட்டோரத்தில் ஒரு துளி வைத்து, அவள் நக்கிய பிறகு அடுத்த துளி வைப்பேன். வாய்க்குள் பீச்சக் கூடாது. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்கு அருகிலேயே இருக்கிறது, ஒரு துளி வழி தவறினால் நுரையீரலுக்குப் போய்விடும். மருந்தின் அளவை இங்கே சொல்லமாட்டேன். கால்சியமும் டி3யும் அதிகமானாலும் ஆபத்து, விட்டமின் ஏ-யும் அப்படித்தான், குறைந்தால் கண் வீங்கும், கூடினால் நஞ்சாகும். ஆளுக்கு ஆள் எடை வேறு, எலும்பின் நிலை வேறு. எக்ஸ்ரே பார்த்தவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் நாள் உணவு. நாக்கு வேலை செய்யாத பிராணிக்குப் பூச்சியைக் கூண்டில் ஓடவிட்டுப் பயனில்லை. அது மட்டுமில்லை, பிடிபடாத சுவர்க்கோழிகள் இரவில் தூங்கும் பச்சோந்தியைக் கடிக்கவும் செய்யும். சின்னக் கிண்ணத்தில் பட்டுப்புழுவை வைத்து மூக்குக்கு அருகே, வாயாலேயே கவ்வும் தூரத்தில் அசையாமல் பிடித்தேன். கை வலிக்க வலிக்க இருபது நிமிடம். கவ்வினாள். மென்று முழுங்கும்வரை நான் மூச்சுகூட விடவில்லை. அன்று அந்த ஒரு புழுதான், மறுநாள் இரண்டு.

சரி, உண்மையிலேயே அடம் பிடிக்கும் பச்சோந்திகள் இல்லையா என்றால், இருக்கின்றன. எச்சம் வெள்ளையாக இருக்கிறது, கண் உருண்டையாக இருக்கிறது, பகலில் கண்ணை மூடவில்லை, பிடி இறுக்கமாக இருக்கிறது, எடை இறங்கவில்லை, ஆனால் சுவர்க்கோழியைக் கண்டால் மட்டும் திரும்பிக்கொள்கிறது என்றால், அது உங்களிடம் வேறு சாப்பாடு கேட்கிறது. நன்றாக இருக்கும் வளர்ந்த பச்சோந்திக்குத் தினமும் சாப்பாடு தேவையே இல்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் தாராளம், ஒரு வாரம் தொடாவிட்டாலும் உடனே ஆபத்தில்லை. குட்டிகள் விஷயம் வேறு, அவற்றை இரண்டு நாள்கூடப் பட்டினி போட்டுச் சோதிக்கக் கூடாது. பூச்சியை மாற்றிப் பாருங்கள், ஓடுவதற்குப் பதில் ஊர்வது, பழுப்புக்குப் பதில் பச்சை. இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தை விடப் பெரிய பூச்சி வேண்டாம். கொடுத்துவிட்டு அந்த அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். நாம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பல பச்சோந்திகள் சாப்பிடாது. கூண்டுக்கு எதிரே கண்ணாடி இருந்து, அதில் தன் உருவத்தையே பார்த்துவிட்டாலும் எதிரி வந்துவிட்டது என்று அங்கேயே நிற்கும், சாப்பாடு நினைவே வராது. மின்மினியை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள், பல்லி இனத்தைக் கொல்லும் நஞ்சு அதில் இருக்கிறது. மருந்தடித்த தோட்டத்துப் பூச்சிகளும் வேண்டாம்.

பூச்சிக்கு நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்பதும் முக்கியம், இதை நான் முன்பு அலட்சியமாக விட்டிருந்தேன். பட்டினி கிடக்கும் சுவர்க்கோழி வெறும் ஓடுதான். அதில் இயல்பாகவே கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். கொடுப்பதற்கு ஒருநாள் முன்பிருந்தே கடுகுக்கீரை, கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று அதன் வயிறு நிறையப் போட்டால், அந்த வயிற்றோடுதான் அது பச்சோந்திக்குள் போகிறது. ஸ்பினாச் கீரையைத் தவிர்க்கிறேன், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவில் மட்டும் கால்சியம் இயல்பாகவே நிறைய உண்டு. மரகதம் தேறிய நாட்களில் அதிகம் சாப்பிட்டது அதைத்தான்.

வாயைப் பிளந்து தலையை மேலே தூக்கி மூச்சு விடுவது, மூக்கிலோ வாயிலோ நுரை, வாயோரத்தில் மஞ்சளாகக் கட்டி, எச்சம் தண்ணீராகவும் நாற்றமாகவும் போவது, இதில் எது இருந்தாலும் வீட்டில் வைத்தியம் வேண்டாம். எச்சத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், குடற்புழு இருந்தால் நுண்ணோக்கியில் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஆறாவது வாரம், ஒரு காலையில் கிண்ணத்தை வழக்கம்போல அருகே கொண்டுபோனேன். பாதி வழியில் கை நிற்கும்போதே டக்கென்று ஒரு சத்தம். கிண்ணம் லேசாக அதிர்ந்தது. உள்ளே புழு இல்லை. ஒரு சாண் தூரத்தில் அவள் மென்றுகொண்டிருந்தாள். முன்கால்கள் லேசாக வளைந்தவை வளைந்தவைதான், அவை நிமிராது. 79 கிராம் இப்போது 96. தராசை வாராவாரம் எடுக்கிறேன், விளக்கு வாங்கிய தேதியைக் கூண்டின் ஓரத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

போன வாரம் மறுபடியும் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

இந்த முறை பூச்சி டப்பாவைத் தேடி ஓடவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். உச்சிக் கிளையில் இல்லை, கீழே இறங்கிக் கூண்டு முழுவதும் அலைந்தாள், மூலையில் நகத்தால் சுரண்டினாள், வயிறு இருபுறமும் புடைத்திருந்தது. ஏமன் பச்சோந்திப் பெண்கள் ஆணைச் சேராமலேயே முட்டை இடும், இடுவதற்கு முன் சாப்பாட்டை விட்டுவிடும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்துச் செத்தும் போகும். ஓர் அடிக்கு மேல் ஆழமுள்ள தொட்டியில் ஈர மணல் நிரப்பி வைத்தேன். தோண்டினால் இடிந்துவிடாத ஈரம். கூண்டின் மூன்று பக்கத்தையும் துணியால் மூடினேன். அந்த வலுவிழந்த எலும்புகளிலிருந்து முட்டை ஓட்டுக்கு வேறு கால்சியம் போக வேண்டும் என்பது நெஞ்சில் அழுத்திக்கொண்டே இருந்தது. மருத்துவரிடம் பேசினேன், தோண்ட ஆரம்பித்து ஒரு நாளுக்கு மேல் இழுத்தாலோ சோர்ந்து கண்ணை மூடினாலோ உடனே கொண்டுவரச் சொன்னார்.

மாலையில் மணல் சரசரக்கும் சத்தம் கேட்டது. துணியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன், வால் மட்டும் வெளியே தெரிந்தது. விளக்கு அணையும் நேரம் ஆனதும் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

காலையில் தொட்டி மணல் சமமாக மூடப்பட்டிருந்தது. மரகதம் நடுக் கிளையில் மண் அப்பிய முகத்தோடு இருந்தாள், வயிறு ஒட்டியிருந்தது. தெளிக்க ஆரம்பித்தேன். முதல் நிமிடத்திலேயே வாயைத் திறந்தாள். இலையிலிருந்து விழுந்த ஒவ்வொரு துளியையும் விடாமல் நக்கிக் குடித்தாள், கால் மணி நேரத்துக்கு மேல். தெளிப்பானில் தண்ணீர் தீர்ந்து, நிரப்பிக்கொண்டு வந்தபோதும் அதே இலைக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தாள்.